35 அங்குல டயருக்கு எவ்வளவு காற்று?

அமெரிக்காவில் பிக்கப் வாங்குகிறவர்களில் ஏராளமானோர் முதலில் கைவைப்பது டயரில்தான். தொழிற்சாலையிலிருந்து 31, 32 அங்குல விட்டத்தோடு வருவதைக் கழற்றிவிட்டு 33, 35, துணிந்தவர்கள் 37 என்று ஏற்றிவிடுகிறார்கள். சஸ்பென்ஷனை எத்தனை அங்குலம் தூக்க வேண்டும், ரிம் எவ்வளவு அகலம் இருக்கலாம், ஃபெண்டரில் எங்கே வெட்ட வேண்டும் என்பதற்கெல்லாம் கடைக்காரரிடம் உடனே பதில் கிடைக்கிறது. காற்று எவ்வளவு என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொரு எண் வருகிறது. கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ள 35 என்பார் ஒருவர். 28 போதும், வண்டி மெத்தென்று போகும் என்பார் அடுத்தவர். 50 வை, டயர் நெடுநாள் உழைக்கும் என்பார் மூன்றாமவர். டயரிலேயே 80 என்று அச்சிட்டிருக்கிறதே என்பவரும் உண்டு. இவை எல்லாம் பிஎஸ்ஐ கணக்கு. நம் பெட்ரோல் பங்கில் காற்றடிப்பவர் கேட்கும் அதே அலகு. வண்டி ஓடிச் சூடாகும் முன், குளிர்ந்த டயரில் பார்க்க வேண்டிய அளவு.

ஆளுக்கொரு எண்ணை அவரவர் விருப்பம் என்று விட்டுவிடலாம் என எனக்குத் தோன்றவில்லை. இந்த எண்களில் சில, வேறெதையும் மாற்றாமல், ஒரு குடும்பத்தை நெடுஞ்சாலையில் கவிழ்க்கக்கூடியவை. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு முறை இருக்கிறது. எந்த முறை எதை அளக்கிறது, எதை அளக்காமல் விடுகிறது என்று பார்த்தால்தான் தீர்ப்பு சொல்ல முடியும்.

முதலில் அளவுகோல். காற்றின் தலையாய வேலை சுமையைத் தாங்குவது. வண்டியின் எடையில் பெரும்பங்கைச் சுமப்பது டயருக்குள் அடைபட்ட காற்று. ரப்பரும் நூலும் எஃகுக் கம்பியும் அந்தக் காற்றைப் பிடித்து வைத்திருக்கின்றன. காற்று குறைந்தால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடங்கி நிமிர்கிறது. மடங்கும் இடம் சூடாகிறது. அந்தச் சூடு கம்பி அடுக்குகளுக்கு இடையிலுள்ள ரப்பரின் பிடிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. கடைசியில் மேல்பட்டை மொத்தமாகப் பிய்த்துக்கொண்டு போகிறது. இது வீட்டு வாசலில் நடப்பதில்லை; கோடை வெயிலில், முழு வேகத்தில், ஆளும் சாமானுமாக வண்டி நிறைந்திருக்கும்போது நடக்கிறது. ஆகவே சுமை தாங்கும் அளவுக்குக் குறையாத அழுத்தம் என்பது பேரம் பேச முடியாத நிபந்தனை. பிடிமானம், தேய்மானம், சொகுசு, எரிபொருள் ஆகியவை முக்கியம்தான், ஆனால் அவற்றை அந்த எல்லைக்கு மேலேதான் பேச முடியும். இந்த வரிசையை ஒப்புக்கொள்ளாதவருக்கு நான் கீழே சொல்லும் முடிவும் ஏற்காது.

இனி கதவோரத்து ஸ்டிக்கர். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் இந்தச் சீட்டை அமெரிக்கச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. அரை டன் வகைப் பிக்கப்களில் பெரும்பாலும் 35 என்று இருக்கும். அதன் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அந்த வண்டியின் அச்சு ஒவ்வொன்றும் தாங்க அனுமதிக்கப்பட்ட உச்ச எடை, கையாளும் விதம், டயரின் தாங்குதிறன் எல்லாவற்றையும் சேர்த்துக் கணித்த எண் அது. ஆனால் அந்தச் சீட்டிலேயே டயரின் அளவும் அச்சிட்டிருக்கிறது. எண்ணும் அளவும் ஒரு ஜோடி. அளவை மாற்றிவிட்டு எண்ணை மட்டும் வைத்துக்கொள்வதில்தான் தவறு தொடங்குகிறது.

ஒரு கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். பல அரை டன் பிக்கப்களில் பி265/70ஆர்17 என்ற அளவு டயர் வரும். முன்னால் உள்ள 'பி' என்பது பயணிகள் வாகன வகை. இதன் சுமைக் குறியீடு 113. அதாவது 35 பிஎஸ்ஐயில் 1,150 கிலோ. பிக்கப்பில் மாட்டும்போது இந்த வகை டயரின் திறனை 1.1-ஆல் வகுத்துக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. வகுத்தால் 1,045 கிலோ. இப்போது அதே அளவில், ஒரு மில்லிமீட்டர் கூடக் கூட்டாமல், கனத்த எல்டி, அதாவது இலகுரக டிரக் வகை, டயரை மாட்டுகிறோம். எல்டி265/70ஆர்17, 'இ' சுமைத்தரம்: 80 பிஎஸ்ஐயில் 1,450 கிலோ. இதே அளவில் 'சி' தரம் 50 பிஎஸ்ஐயில் 1,120 கிலோ. இந்த இரண்டு புள்ளிகளை வைத்துப் பார்த்தால், பழைய டயர் 35-இல் தாங்கிய 1,045 கிலோவைப் புதிய டயர் தாங்க ஏறத்தாழ 45 பிஎஸ்ஐ வேண்டும். பழைய 35-ஐயே வைத்தால், தடித்த, வலுவான, விலை கூடிய டயரைப் போட்டுவிட்டு வண்டியின் தாங்குதிறனைக் குறைத்திருக்கிறோம். 'இ' தரம், பத்து அடுக்கு டயராயிற்றே, 35-இல் என்ன ஆகிவிடும் என்ற நம்பிக்கை பிக்கப்காரர்களிடையே மிகப் பரவலானது. பத்து அடுக்கு என்று சொல்லும் அந்த வலு கூடுதல் அழுத்தத்தைத் தாங்குவதற்காக. அந்த அழுத்தத்தைக் கொடுக்காவிட்டால் அந்த வலுவுக்குப் பயனில்லை.

ஸ்டிக்கரை அப்படியே நம்புகிறவருக்கு இன்னொரு ஆபத்து டாஷ்போர்டில் காத்திருக்கிறது. 2007 செப்டம்பரிலிருந்து அமெரிக்காவில் விற்கும் இலகுரக வாகனங்கள் எல்லாவற்றிலும் டயர் காற்று குறைந்தால் விளக்கு எரிய வேண்டும். எப்போது எரியும்? ஸ்டிக்கரில் உள்ள எண்ணைவிட 25 சதவீதம் குறையும்போது. 35-க்கு அது 26 சொச்சம். டயர் மாறியது அந்த விளக்குக்குத் தெரியாது. 45 தேவைப்படும் எல்டி டயரில் காற்று 27-க்கு இறங்கினாலும் விளக்கு எரியாது. தேவையில் 40 சதவீதம் போயிருக்கும். ஓட்டுகிறவரோ விளக்கு எரியவில்லை, எல்லாம் சரி என்று நம்பி மணிக்கு 110 கிலோமீட்டரில் போய்க்கொண்டிருப்பார். கருவி வைத்து இந்த வரம்பை மாற்ற முடிகிற வண்டிகள் உண்டு. டயரை மாற்றித் தரும் கடை இதைக் கேட்காமலே செய்து தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அந்த ஓட்டுநர் 35 அங்குல டயருக்கு மாறியவராக இருந்தால், உண்மையில் 110-இல் போகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பி265/70ஆர்17-இன் 31.6 அங்குலத்திலிருந்து 35-க்குப் போனால் சுற்றளவு ஏறத்தாழ 11 சதவீதம் கூடுகிறது. வேகமானியைத் திருத்தாவிட்டால் அது 110 காட்டும்போது வண்டி 120-ஐத் தாண்டியிருக்கும். வேகம் ஏற ஏறச் சூடும் ஏறும்.

பக்கச்சுவரில் அச்சிட்ட எண்ணை எடுத்துக்கொள்கிறவர்களின் வாதத்துக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லிவிடலாம். அது அந்த டயர் தன் உச்ச சுமையைத் தாங்கும்போது தேவைப்படும் அழுத்தம். காலி அரை டன் பிக்கப்பின் பின்சக்கரம் ஒவ்வொன்றிலும் 450 கிலோ அளவுதான் இறங்குகிறது. 1,450 கிலோவுக்கான காற்றை அதற்குக் கொடுத்தால் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும். நடுப் பட்டன்கள் சீக்கிரம் மொட்டையாகும். சிறு பள்ளத்திலும் பின்பக்கம் துள்ளும். துள்ளும் டயருக்கு பிரேக்கில் பிடிமானம் குறைவு.

ஆனாலும் பக்கச்சுவரைப் படிக்கத்தான் வேண்டும். அதிலுள்ள சுமைத்தர எழுத்தைப் பார்த்து அழுத்தத்தை ஊகிப்பதுதான் கூடாது. 15 அங்குல ரிம்மில் வரும் 31 அங்குல டயர் (10.50 அங்குல அகலம்), 'சி' தரம்: 50 பிஎஸ்ஐயில் 1,030 கிலோ. அதே ரிம்மில் 33 அங்குல டயர் (12.50 அகலம்), அதுவும் 'சி' தரம்: 35 பிஎஸ்ஐயில் 1,000 கிலோ. எழுத்து ஒன்றுதான். பெரிய டயர் குறைந்த அழுத்தத்தில் ஏறக்குறைய அதே எடையைத் தாங்குகிறது, 35-இலேயே தன் உச்சத்தையும் தொட்டுவிடுகிறது. 'சி என்றால் 50' என்று மனப்பாடம் செய்தவர் 33 அங்குல டயரில் 50 ஏற்றினால், அதன் உச்ச வரம்பை 15 பிஎஸ்ஐ தாண்டியிருப்பார்.

அடுத்து வருவது விகிதக் கணக்கு. சக்கரத்தில் இறங்கும் எடையை டயரின் உச்ச சுமையால் வகுத்து, உச்ச அழுத்தத்தால் பெருக்கு என்பது சூத்திரம். ஒரு நேர்கோட்டை எடுத்துக்கொண்டு போடுகிற கணக்கு இது. உண்மையில் அழுத்தமும் தாங்குதிறனும் நேர்கோட்டில் போவதில்லை. மேலே சொன்ன எல்டி265-ஐயே பாருங்கள்: 1,120 கிலோவுக்கு இந்தச் சூத்திரம் கிட்டத்தட்ட 62 கேட்கிறது, அட்டவணையோ 50 போதும் என்கிறது. ஆக, சூத்திரம் தவறுவது பாதுகாப்பான பக்கமாகத்தான். அந்த மட்டில் அதை மதிக்கலாம். சிக்கல் அதில் போடப்படும் எடையில் இருக்கிறது. வண்டியைக் காலியாக எடைமேடையில் ஏற்றி, பின்சக்கரத்துக்கு 450 கிலோ என்று எழுதிக்கொண்டு, 65 பிஎஸ்ஐயில் 1,450 கிலோ தாங்கும் 35 அங்குல டயருக்குக் கணக்குப் போட்டால் 20 பிஎஸ்ஐ வருகிறது. கூட்டல் பெருக்கலில் பிழையே இல்லை. ஆனால் அந்த வண்டி அடுத்த வாரம் மர அறுவைக் கூடத்திலிருந்து பலகை ஏற்றிக்கொண்டு வரும். அதற்கடுத்த வாரம் படகை இழுக்கும். 20-இல் நிற்கும் டயருக்கு அந்த நாள்களைச் சமாளிக்கும் வழியில்லை.

சாக்பீஸ் சோதனைக்குப் பிக்கப் உலகில் ஏறக்குறைய பக்தி என்று சொல்லக்கூடிய செல்வாக்கு. டயரின் குறுக்கே சாக்பீஸால் பட்டையாகக் கோடு இழுத்து, நேரான சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டி, கோடு எங்கே அழிந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம். ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. முழுக்க அழிந்தால் சரியான அளவு. காசு செலவில்லாத, கண்ணால் காணக்கூடிய சோதனை. தேய்மானத்தைப் பற்றி அது சொல்வதில் உண்மையும் இருக்கிறது. அதை நான் ஒதுக்கவில்லை. அது பதில் சொல்லக்கூடிய கேள்வி எது என்பதில்தான் எனக்கு வழக்கு.

கோடு முழுக்க அழிவது, டயர் தரையில் சமமாகப் படிகிறது என்பதைக் காட்டும். சுமை தாங்கப் போதுமான காற்று இருக்கிறதா என்பதற்கு அது சாட்சி இல்லை. 12.50 அங்குல அகலமுள்ள 35 அங்குல டயரை 8.5 முதல் 11 அங்குலம் வரை அகலமுள்ள ரிம்மில் மாட்டலாம். 8.5 ரிம்மில் பக்கச்சுவர்கள் உள்நோக்கி இழுக்கப்பட்டு நடுப்பகுதி புடைத்து நிற்கும்; 11-இல் தட்டையாகும். ஒரே டயர், ஒரே வண்டி, ஒரே சுமை. ரிம் மாறினால் சாக்பீஸ் சொல்லும் அழுத்தமும் மாறும். குறுகிய ரிம்காரர் கோடு முழுக்க அழியும் வரை காற்றை இறக்கிக்கொண்டே போவார். 30, 28, 25 என்று போகும். கோடு ஒருவழியாக அழியும் இடத்தில் பக்கச்சுவர் எவ்வளவு மடங்குகிறது என்று சாக்பீஸுக்குத் தெரியாது. சோதனை நடப்பதும் காலி வண்டியில், குளிர்ந்த டயரில், இருநூறு முந்நூறு அடி தூரத்தில். ஆபத்து இருப்பதோ நிறைந்த வண்டியில், சூடான டயரில், மூன்றாவது மணி நேரத்தில். அழுத்தத்தின் கீழ் எல்லையை வேறொரு முறை தீர்மானித்த பிறகு, அந்த எல்லைக்கு மேலே நுணுக்கமாகச் சரிசெய்ய மட்டும் சாக்பீஸைப் பயன்படுத்தலாம். எல்லையையே அதை வைத்துத் தீர்மானிப்பதை நான் ஏற்கமாட்டேன்.

ஆஸ்திரேலிய நெடும்பயணக்காரர்கள் வளர்த்தெடுத்த நான்கு பிஎஸ்ஐ விதி இதைவிடக் கூர்மையானது. குளிர்ந்த டயரில் அளந்துவிட்டு, ஒரு மணி நேரம் ஓட்டியபின் மறுபடி அள. நான்குக்கு மேல் ஏறியிருந்தால் டயர் அளவுக்கு மீறிச் சூடாகிறது, தொடக்கத்தில் இன்னும் காற்று வேண்டும். நான்குக்குக் குறைவாக ஏறியிருந்தால் காற்று அதிகம். எனக்கு இந்த விதி பிடித்திருக்கிறது. நம் முதல் நிபந்தனையான சூட்டை நேரடியாகத் தொடுகிற ஒரே சாலையோரச் சோதனை இதுதான்.

ஆனால் நான்கு என்ற எண் எல்லா டயருக்கும் ஒன்றாக இருக்க முடியாது. அடைபட்ட காற்றின் அழுத்தம் வெப்பநிலைக்கு ஏற்ப உயர்வதை, வெளிக்காற்றின் 14.7-ஐயும் சேர்த்து முழு அழுத்தமாகக் கணக்கிட வேண்டும். 35-இல் தொடங்கும் டயரில் நான்கு பிஎஸ்ஐ ஏற உள்ளே 24 டிகிரி செல்சியஸ் சூடேற வேண்டும். 65-இல் தொடங்கும் டயரில் 15 டிகிரியே போதும். அதாவது, அதிக அழுத்தத்தில் ஓடும் டயர், குறைவாகவே சூடாகியிருந்தும் விதியை மீறியதாகத் தெரியும்; ஓட்டுநர் இன்னும் காற்றடிப்பார். எல்டி டயருக்கு நான்குக்குப் பதில் ஆறு என்று சிலர் திருத்திச் சொல்வதற்கு இதுவே காரணம். கணக்கும் அவர்கள் பக்கம் நிற்கிறது. இன்னொரு குறை: வெயில். காலை நிழலில் அளந்து நண்பகல் தார்ச்சாலையில் மறுபடி அளந்தால், ஏற்றத்தில் ஒரு பங்கு சூரியனுடையது. ஆகவே இது நல்ல சரிபார்ப்பு முறை. முழுச் சுமையோடு ஒருமுறை இதைச் செய்து பார்ப்பவர், சாக்பீஸோடு பத்து முறை போய்வந்தவரைவிடத் தன் டயரை அதிகம் அறிந்திருப்பார்.

எஞ்சியிருப்பது சுமை அழுத்த அட்டவணை. அமெரிக்காவின் டயர் அண்டு ரிம் அசோசியேஷன் ஒவ்வொரு அளவுக்கும் எந்த அழுத்தத்தில் எவ்வளவு எடை என்று வெளியிடும் அட்டவணைகளைத் தழுவி, டயர்த் தயாரிப்பாளர்கள் தங்கள் கையேடுகளைத் தருகிறார்கள். முறை எளிது. பழைய டயர், ஸ்டிக்கர் அழுத்தத்தில் எவ்வளவு தாங்கியது என்று பார். புதிய டயர் அதே எடையைத் தாங்க எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று பார். அதுதான் கீழ் எல்லை. நம் 1,045 கிலோவுக்கு, 65-இல் 1,450 தாங்கும் 35 அங்குல டயரில் இது 40-ஐ ஒட்டி வருகிறது என்பது என் மதிப்பீடு. துல்லியமான எண்ணை அந்தந்தத் தயாரிப்பாளரின் அட்டவணையில் பார்த்துக்கொள்ள வேண்டும். அட்டவணை கைக்கு வராதபோது விகிதச் சூத்திரத்திலேயே 1,045-ஐப் போட்டால் 47 வரும். கொஞ்சம் இறுக்கம், ஆனால் ஆபத்தில்லை.

இதற்கு எதிரான வாதம் வலுவானது. அதைத் தட்டிக்கழித்துவிட்டு அட்டவணையை அரியணையில் ஏற்ற நான் விரும்பவில்லை. என் வண்டியின் முன்சக்கரத்தில் 635 கிலோ, பின்சக்கரத்தில் 450. நான் ஏன் 1,045-க்குக் காற்றடித்து இடுப்பெலும்பை உடைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒருவர் கேட்டால், அது நியாயமான கேள்வி. 28 பிஎஸ்ஐயில் அந்த 35 அங்குல டயர் 800 கிலோவுக்கு மேல் தாங்கும் என்றே கணக்குச் சொல்கிறது. காலி வண்டிக்கு அது தாராளம். தினமும் அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடும் வண்டியில் 28-க்கும் 40-க்கும் இடையே இருக்கும் சொகுசு வித்தியாசம் முதுகுக்கு உடனே தெரியும். எரிபொருள் கணக்கு வேண்டுமானால் எதிர்ப்பக்கம் போகும்: அமெரிக்க எரிசக்தித் துறையின் மதிப்பீட்டில் ஒரு பிஎஸ்ஐ குறைவுக்கு 0.2 சதவீதம் மைலேஜ் போகிறது. 12 பிஎஸ்ஐக்கு 2.4 சதவீதம். 35 அங்குல டயர் போட்டவர் அதற்காக மனம் மாறமாட்டார்.

அப்படியிருந்தும் நான் 40-இன் பக்கம் நிற்பதற்குக் காரணம், இந்தச் சோதனையை ஒரு தேசம் ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டது. 1990-களில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிக்கு அந்நிறுவனம் பரிந்துரைத்த அழுத்தம் 26. சுமைக் கணக்கில் அது தேறியது. ஆனால் கணக்குக்கு மேலே மிச்சம் அதிகமில்லை. 2000 ஆகஸ்ட் 9 அன்று, அந்த வண்டிகளில் பெருமளவு மாட்டப்பட்டிருந்த ஃபயர்ஸ்டோன் ஏடிஎக்ஸ், வைல்டர்னஸ் ஏடி டயர்களில் 65 லட்சத்தைத் திரும்பப் பெறுவதாக அறிவிக்க நேர்ந்தது. மேல்பட்டை பிரிந்து நடந்த விபத்துகளில் 271 பேர் இறந்ததாக அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் கணக்கிட்டது. டெக்சஸ், ஃபுளோரிடா, அரிசோனா, கலிஃபோர்னியா போன்ற வெப்ப மாநிலங்களில்தான் இழப்பு அதிகம். காற்றுக் குறைவு மட்டுமே காரணம் என்று சொல்வது பொய்யாகும். டயரின் வடிவமைப்பிலும், டெகேட்டர் ஆலையின் உற்பத்தியிலும், வண்டி கவிழும் தன்மையிலும் குற்றம் தேடப்பட்டது. இரு நிறுவனங்களும் ஒன்றையொன்று சாடின. ஃபயர்ஸ்டோன் பின்னர் 30 வைக்கச் சொன்னது. டயர் காற்று விளக்கைக் கட்டாயமாக்கிய சட்டம் அதே ஆண்டு நவம்பரில் இந்த மரணங்களிலிருந்தே பிறந்தது.

அந்த வரலாற்றில் நான் பார்ப்பது இதைத்தான். 26 என்பது ஒரு டயர் குறையில்லாமல், ஆணி குத்தாமல், மாதாமாதம் அளக்கப்பட்டு, வெயிலும் சுமையும் கணித்தபடியே இருக்கும் உலகத்துக்கான எண். 35 அங்குல டயரில் 28 வைப்பவரும் அதே உலகத்தைத்தான் நம்புகிறார். மினசோட்டாவில் செப்டம்பர் மாதம் 20 டிகிரியில் 28 அடித்த டயர், ஜனவரியில் −15 டிகிரியில் யாரும் தொடாமலே 23-க்கு இறங்கிவிடும். 40 அடித்தது 33-இல் நிற்கும். மிச்சம் என்பது இந்த நாள்களுக்காக.

மழையையும் கணக்கில் எடுக்க வேண்டும். அகலமான டயர் போட்டவர்கள் அதிகம் நினைக்காத பக்கம் இது. நாசாவின் வால்ட்டர் ஹார்ன் 1960-களில் விமான டயர்களை ஆராய்ந்து வகுத்த சூத்திரம், நீர்மேல் வழுக்கத் தொடங்கும் வேகம் அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறும் என்கிறது. அதன்படி 28 பிஎஸ்ஐயில் மணிக்கு 88 கிலோமீட்டர்; 40-இல் 105. பட்டன் ஆழமும் வடிவமும் இந்த எண்களை மேலும் கீழும் நகர்த்தும், பிக்கப் டயருக்கு இதை அப்படியே பொருத்தக் கூடாது. ஆனால் திசையில் சந்தேகமில்லை: 12.50 அங்குல அகலத்தை மென்மையான காற்றில் மிதக்கவிட்டு, நெடுஞ்சாலையில் தேங்கிய நீருக்குள் போகிறவர் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

மணல், பனி, பாறைக்கு இந்த வாதம் எதுவும் பொருந்தாது. ஐஸ்லாந்தில் 38, 44 அங்குல டயர்களோடு பனியாற்றின் மேல் ஏறுகிறவர்கள் 5 பிஎஸ்ஐக்கும் கீழே இறக்குகிறார்கள். தரையைத் தொடும் பரப்பு நீண்டு வண்டி பனியில் புதையாமல் நிற்கிறது. மெதுவான வேகத்தில் அது முற்றிலும் சரி. திரும்பிச் சாலைக்கு வந்ததும் காற்றடித்துக்கொள்ள அங்குள்ள பெட்ரோல் நிலையங்களில் குழாய் தயாராக இருக்கிறது. அந்தக் குழாயையும் சேர்த்துத்தான் அந்த 5-ஐப் புரிந்துகொள்ள வேண்டும்.

ஆகவே அரை டன் வண்டிக்கு என் தீர்ப்பு இது. பழைய டயரின் தாங்குதிறனுக்கு ஈடான அட்டவணை அழுத்தம் கீழ் எல்லை. அது ஸ்டிக்கர் எண்ணுக்கும் கீழே வந்தால் ஸ்டிக்கர் எண்ணே எல்லை. 37 அங்குல டயரில் (12.50 அகலம், 17 ரிம், 'டி' தரம், 50 பிஎஸ்ஐயில் 1,600 கிலோ) கணக்கு 30-க்கும் கீழே இறங்கும். சுமையைப் பொறுத்தவரை அந்தக் கணக்கில் தவறில்லை. ஆனாலும் 35-ஐ விட்டு இறங்கமாட்டேன். உயரமான பக்கச்சுவர் வளைவுகளில் சாய்ந்து கொடுப்பதும், விளக்கு 26-இல்தான் எரியும் என்பதும் எனக்குப் போதுமான காரணங்கள். எல்லைக்கு மேலே இரண்டு மூன்று பிஎஸ்ஐ ஏற்றுவதா வேண்டாமா என்பதைச் சாக்பீஸும், நிறைசுமையில் ஒரு மணி நேரம் ஓட்டியபின் பார்க்கும் அளவும் சொல்லட்டும். மாதம் ஒருமுறை காலையில், வண்டியை எடுக்கும் முன், சொந்த அளவியால் அளக்க வேண்டும்.

முக்கால் டன் வண்டிகளில் நிலைமை வேறு. ராம் 2500 போன்றவற்றில் வரும் எல்டி275/70ஆர்18, 'இ' தரம், 80 பிஎஸ்ஐயில் 1,650 கிலோ தாங்கும். பின்சக்கர ஸ்டிக்கர் எண் உயரத்தில் இருப்பது முழுச் சுமைக்காக. அது கையாளும் விதத்துக்கான அடித்தளம் இல்லை என்பதால், காலியாக ஓடும்போது குறைப்பதை எதிர்க்க என்னிடம் காரணம் இல்லை. லாரி நிறுத்தங்களில் உள்ள எடைமேடையில் ஏற்றினால் முன் அச்சு, பின் அச்சு என்று தனித்தனியே சீட்டு கிடைக்கும். அந்த எடைக்கு மேல் தாராளமான மிச்சம் வைத்து அட்டவணையில் அழுத்தம் பார்க்கலாம். ஏற்றும் நாளில் மறுபடி அடிக்க வேண்டும், ஒவ்வொரு முறையும். அந்தப் பழக்கம் வராது என்று தன்னைப் பற்றித் தெரிந்தவர் உயர்ந்த எண்ணிலேயே ஓட்டட்டும்.

அதே வண்டியில் மேலே சொன்ன 37 அங்குல 'டி' தர டயரை மாட்டினால் கேள்வியே மாறிவிடுகிறது. பழையது 1,650, புதியது உச்ச அழுத்தத்தில்கூட 1,600. டயர் உயரத்திலும் அகலத்திலும் விலையிலும் கூடியிருக்கிறது. தாங்குதிறனில் சக்கரத்துக்கு 50 கிலோ, அச்சுக்கு 100 கிலோ குறைந்திருக்கிறது. இங்கே எந்த அழுத்தமும் சரியான அழுத்தம் ஆகாது. 50-ஐ நிரப்பி, ஏற்றும் சுமையை அந்த 100 கிலோவுக்குக் குறைத்துக்கொள்ள வேண்டும். அல்லது கூடுதல் சுமைக் குறியீடுள்ள டயரைத் தேட வேண்டும். இதை விற்பனைக்கு முன் வாங்குகிறவரிடம் சொல்வது கடைக்காரரின் கடமை. சொல்லாத கடையில் அந்த டயரை வாங்க வேண்டாம்.